ஹோமரின் காப்பியங்களும் கோடை வாசிப்பும்

பண்டைய கிரேக்கப் புலவர் ஹோமர் இயற்றியனவாகக் கருதப்படும் இலியட், ஒடிசி ஆகிய இரு காப்பியங்களும் ஐக்கிய அமெரிக்காவின் உயர்நிலைப் பள்ளிகளில் கோடை விடுமுறை வாசிப்புக்காகத் தரப்படும் நூல்களுள் நெடுங்காலமாக இடம்பெற்று வருபவை ஆகும். இவ்விரண்டில் ஒடிசியே மிகுதியாகத் தரப்படுகிறது. பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பில் சேரவிருக்கும் மாணவர்களே, அதாவது 14 வயதினரே, இதனை முதன்முதலாகப் படிக்கின்றனர். மாணவர் கையில் எந்த மொழிபெயர்ப்பு கிடைக்கிறது, முழுநூல் கிடைக்கிறதா சுருக்கம் கிடைக்கிறதா என்பவற்றைப் பொறுத்து அவர் படிக்கும் காப்பியம் பெரிதும் வேறுபடுகிறது.

கோடை வாசிப்பு

அமெரிக்கப் பள்ளிகளின் கோடை விடுமுறை சூன் மாதத்தில் தொடங்கி ஆகத்து இறுதி அல்லது செப்டம்பர் தொடக்கம் வரை, ஏறத்தாழப் பத்து முதல் பன்னிரண்டு கிழமைகள் நீடிக்கும். இக்காலத்தில் படிப்பதற்கென ஒன்று முதல் மூன்று நூல்களைப் பள்ளி குறிப்பிட்டு அனுப்புகிறது. சில பள்ளிகள் பட்டியல் ஒன்றைத் தந்து மாணவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகின்றன. வாசிப்புக் குறிப்பேடு எழுதுதல், படிக்கும்போது நூலின் ஓரத்தில் குறிப்பிடுதல், பள்ளி திறந்த முதற் கிழமையில் தேர்வு அல்லது கட்டுரை ஆகியன வழக்கமான கடமைகள் ஆகும்.

நீண்ட விடுமுறையில் மாணவர் கற்றதை மறந்துவிடுகின்றனர் என்ற கருத்தே இவ்வழக்கத்துக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். ஹாரிஸ் கூப்பரும் பிறரும் 1996இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு இக்கருத்துக்கு வலுவூட்டியது. எனினும் பழைய ஆய்வுகளில் பயன்பட்ட தேர்வுகளின் அளவீட்டு முறை பற்றி 2010களின் இறுதியில் ஐயங்கள் எழுப்பப்பட்டன. ஹோமரைப் பொறுத்தவரை காரணம் இன்னும் எளிமையானது. நூல் பெரியது, வகுப்பு நேரத்துக்குள் முழுவதும் அடங்காது.

வரலாறு

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர விரும்பியோர் கிரேக்க மொழியையே கற்றிருக்க வேண்டியிருந்தது. எனவே ஹோமரை மூலத்திலேயே சில பகுதிகளேனும் படித்திருந்தனர். அந்நூற்றாண்டின் இறுதியில் கிரேக்கம் கட்டாயப் பாடம் என்ற நிலையை இழந்தது. அதே காலத்தில் ஆங்கில இலக்கியம் நுழைவுத் தேர்வுப் பாடமாயிற்று. 1874 முதல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் குறிப்பிட்ட இலக்கிய நூல்களின் அடிப்படையில் ஆங்கிலக் கட்டுரைத் தேர்வு நடத்தத் தொடங்கியது. ஒவ்வொரு கல்லூரியும் வெவ்வேறு பட்டியல் வைத்திருந்ததால் பள்ளிகள் இடர்ப்பட்டன. இதனால் 1890களில் ஒரேசீரான நூற்பட்டியல் ஒன்று உருவாக்கப்பட்டது.

அப்பட்டியலில் அலெக்சாண்டர் போப் மொழிபெயர்த்த இலியட்டின் 1, 6, 22, 24 ஆகிய நான்கு படலங்கள் இடம்பெற்றன. தேர்வு நன்கு சிந்தித்துச் செய்யப்பட்டதே. அகமெம்னானுக்கும் அக்கிலீசுக்கும் இடையிலான பூசல், ஹெக்டர் தன் மனைவியிடமும் குழந்தையிடமும் விடைபெறுதல், ஹெக்டரின் இறப்பு, மகனின் உடலைக் கேட்டு முதிய பிரியாம் பகைவனின் பாசறைக்கு வருதல் என்னும் நான்கும் ஒருங்கே ஒரு முழுக்கதையாக அமைகின்றன. ஆனால் போப்பின் நூல் (1715–1720) 18ஆம் நூற்றாண்டு ஆங்கில ஈரடி எதுகைச் செய்யுளில் ஆனது. மாணவர் அதனை ஆங்கில இலக்கியமாகவே படித்தனர். கிரேக்கம் அதன் பின்னணியில் மறைந்து நின்றது. ஹோமர் ஆங்கில வகுப்புக்குள் நுழைந்த வழி இதுவே ஆகும்.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மலிவான மொழிபெயர்ப்புகள் வெளிவந்தபோது ஒடிசி முன்னுக்கு வந்தது. 2010இல் வெளியான பொது அடிப்படைப் பாடத் தரங்களின் இணைப்பில் 9, 10ஆம் வகுப்புகளுக்குரிய மாதிரி நூல்களுள் ஒன்றாக ஒடிசி குறிப்பிடப்பட்டது. இது பரிந்துரை மட்டுமே; எந்தப் பள்ளியையும் கட்டாயப்படுத்துவது அன்று.

காப்பியங்களின் அமைப்பு

இரு காப்பியங்களும் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 7ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் இன்றைய வடிவத்தை ஒட்டிய நிலையை அடைந்தன என்பது பெரும்பாலோர் கருத்து. இலியட் ஏறத்தாழ 15,700 அடிகளும் ஒடிசி ஏறத்தாழ 12,100 அடிகளும் கொண்டவை. ஒவ்வொன்றும் 24 படலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கிரேக்க நெடுங்கணக்கின் 24 எழுத்துகளே படலங்களுக்குப் பெயர்களாக அமைந்தன.

இலியட் திராய்ப் போரின் முழு வரலாறு அன்று. பத்தாம் ஆண்டுப் போரில் ஏறத்தாழ ஐம்பது நாள் நிகழ்ச்சிகளை மட்டுமே அது கூறுகிறது. மரக்குதிரையும் நகரின் வீழ்ச்சியும் அதில் நிகழ்வதில்லை. அக்கிலீசின் இறப்பு முன்னுரைக்கப்படுகிறதே தவிர அதுவும் நிகழ்வதில்லை. ஹெக்டரின் ஈமச்சடங்குடன் நூல் முடிகிறது. தனியே படிப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இரண்டாம் படலமாகும். அங்கே கிரேக்கப் படையின் 29 பிரிவுகளும், அவை வந்த ஊர்களும், தலைவர்களின் பெயர்களும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்களின் எண்ணிக்கையும் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அடிகளில் வரிசையாகக் கூறப்படுகின்றன. அன்று கேட்டவர்களுக்குத் தங்கள் ஊர்ப்பெயர் வரும் தருணம் அது. இன்று படிப்பவருக்கு அது பெயர்ப் பட்டியல் மட்டுமே. இப்பகுதியை மேலோட்டமாகக் கடந்து மூன்றாம் படலத்துக்குச் செல்லலாம் என முன்கூட்டியே சொல்லிவிடும் ஆசிரியர் மாணவருக்குப் பெரிய உதவி செய்தவர் ஆவார்.

ஒடிசி பற்றிய பொதுவான தவறான எண்ணம் அது கடற்பயணக் கதை என்பது. ஒற்றைக்கண் அரக்கன் பாலிபீமஸ், மாயக்காரி சர்சி, சைரன்கள், இறந்தோர் உலகு ஆகிய புகழ்பெற்ற நிகழ்ச்சிகள் 9 முதல் 12 வரையிலான நான்கு படலங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. முதல் நான்கு படலங்களில் நாயகன் ஒடிசியஸ் நேரில் தோன்றுவதே இல்லை. தந்தையைக் கண்டறியாத மகன் டெலிமாக்கஸ் அவரைப் பற்றிய செய்தி தேடிச் செல்வதே அங்குக் கதை. ஐந்தாம் படலத்தில் கலிப்சோவின் தீவில் கடலைப் பார்த்து அழுதுகொண்டிருப்பவராக ஒடிசியஸ் அறிமுகமாகிறார். 13ஆம் படலம் முதல் இறுதிவரை, அதாவது நூலின் செம்பாதி, சொந்த ஊரான இதாகாவில் நிகழ்கிறது. இரவலர் வேடத்தில் வந்தவர் தம் வீட்டுக்குள் எவ்வாறு அடையாளம் காணப்படுகிறார் என்பதே இப்பகுதியின் பொருள். இருபது ஆண்டுகள் காத்திருந்த நாய் ஆர்கோஸ் சாணக்குவியலின்மேல் கிடந்தபடி வாலையாட்டி உயிர்விடும் காட்சி 17ஆம் படலத்திலும், முதிய செவிலி யூரிக்கிளியா கால்கழுவும்போது பழைய தழும்பைத் தடவி அறியும் காட்சி 19ஆம் படலத்திலும் உள்ளன.

பயணக் கதைகளை மட்டும் பிரித்தெடுத்துப் படிப்பதில் வேறொரு இழப்பும் உண்டு. அந்நான்கு படலங்களையும் காப்பியப் புலவர் கூறவில்லை; ஃபேயாசியர் அவையில் ஒடிசியசே கூறுகிறார். அவருக்கு அப்போது ஊர்திரும்பக் கப்பல் தேவை. நூலின் பிற இடங்களில் தேவைக்கேற்பப் பொய்க்கதை புனைபவராகவும் அவர் காட்டப்படுகிறார். எனவே அவர் சொல்வதை எந்த அளவுக்கு நம்புவது என்ற கேள்வி எழுகிறது. தோழர்கள் கதிரவனின் மாடுகளைத் தின்ற தம் அறிவீனத்தால் அழிந்தனர் எனக் காப்பியத்தின் தொடக்கம் கூறுகிறது. ஆனால் 10ஆம் படலத்தின்படி பன்னிரண்டு கப்பல்களில் பதினொன்றை லெஸ்திரிகோனியர் என்னும் மனிதரைத் தின்னும் அரக்கர்கள் அழித்துவிடுகின்றனர். அக்கப்பல்களில் இருந்தோர் மாடுகள் மேய்ந்த தீவைக் கண்டதே இல்லை. ஒரு தலைவன் தன் ஆட்கள் அனைவரையும் இழந்து தான் மட்டும் திரும்பியதற்கு யார் பொறுப்பு என்பது செப்டம்பர் மாதக் கட்டுரைகளுக்கு ஏற்ற கேள்வியாகும். முழுநூலைப் படித்தவரே இதற்கு விடை எழுத முடியும்.

வாய்மொழி மரபு

இக்காப்பியங்களில் ஒரே தொடர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. அக்கிலீஸ் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதும் விரைந்த காலினன் என்றே அழைக்கப்படுகிறான். விருந்து, பலி, போர்க்கோலம் பூணுதல் ஆகிய காட்சிகள் ஏறக்குறைய அதே சொற்களில் திரும்ப வருகின்றன. அச்சு நூலில் படிக்கும் மாணவருக்கு இது சலிப்பூட்டுவது இயல்பே.

இதன் காரணத்தை விளக்கியவர் அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி (1902–1935) ஆவார். இத்தொடர்கள் அறுசீர் கொண்ட கிரேக்க அடியின் வெவ்வேறு இடங்களில் பொருந்துமாறு அமைந்த வாய்பாடுகள் என்றும், எழுத்தின் துணையின்றிப் பாடும் பாணர் அடிகளை அப்போதைக்கப்போது கட்டுவதற்குப் பயன்பட்டவை என்றும் அவர் காட்டினார். 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் பாணர்களின் பாடல்களைப் பதிவு செய்து தம் கருத்தைச் சோதித்தார். எழுதப் படிக்க அறியாத அவ்தோ மெஜெதோவிச் என்னும் பாணர் 1935இல் 12,000க்கும் மேற்பட்ட அடிகள் கொண்ட ஒரே பாடலைச் சொல்ல, அது எழுதப்பட்டது. அதன் அளவு ஒடிசியின் அளவை ஒத்தது. பாரியின் உதவியாளராயிருந்த ஆல்பர்ட் லார்டு இவ்வாய்வைத் தொடர்ந்து 1960இல் நூலாக்கினார். இலங்கைத் தமிழறிஞர் க. கைலாசபதி (1933–1982) இதே அணுகுமுறையைச் சங்க இலக்கியத்துக்குப் பொருத்திப் பார்த்தார். கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த அவ்வாய்வு, தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆங்கில நூலாக 1968இல் வெளிவந்தது.

அவையில் பலர் கூடிக் கேட்பதற்காக உருவான பாடலைத் தனியறையில் ஒருவர் வாய்திறவாமல் படிப்பது அதன் இயல்புக்கு மாறானது. ஆகவே ஒலிப்பதிவுகளைக் கேட்டுக்கொண்டே படிப்பதைச் சில ஆசிரியர்கள் அனுமதிக்கின்றனர். ராபர்ட் ஃபேகிள்சின் ஒடிசி மொழிபெயர்ப்பை நடிகர் இயன் மெக்கெலன் படித்த பதிவு ஏறத்தாழ 13 மணி நேரம் ஓடுகிறது. ஒலிப்பதிவைக் கேட்பது ஏமாற்று வேலை என்ற எண்ணம் சில பள்ளிகளில் உண்டு. ஹோமரைப் பொறுத்தவரை அது பொருந்தாது.

மொழிபெயர்ப்புகள்

ஆங்கிலத்தில் ஹோமரின் இரு காப்பியங்களையும் முழுமையாக மொழிபெயர்த்து வெளியிட்டவர்களுள் முற்பட்டவர் ஜார்ஜ் சாப்மன் (1611–1615). இன்று பள்ளிகளில் வழங்குபவை பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இ. வி. ரியூவின் உரைநடை ஒடிசி 1946இல் பெங்குவின் செவ்வியல் வரிசையின் முதல் நூலாக வெளிவந்தது. கதை தடையின்றி ஓடுவதால் இளைஞர்களுக்கு அது எளிதாக இருந்தது. ஆயினும் செய்யுள் என்ற உணர்வு அதில் இல்லை. ரிச்மண்ட் லாட்டிமோர் (இலியட் 1951, ஒடிசி 1965) மூலத்தின் அடிகளையும் சொல்லமைப்பையும் கூடியவரை நெருங்கிப் பின்பற்றினார். ஆழ்ந்து கற்போருக்கு ஏற்றது எனினும் பதினான்கு வயதினருக்குக் கடினமானது. ராபர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ஒடிசி (1961) கவிதைநயத்தால் புகழ்பெற்றது. ஒன்பதாம் வகுப்புப் பாடத்தொகுப்புகள் பலவற்றில் அதன் பகுதிகளே சேர்க்கப்பட்டன. ஃபேகிள்சின் இலியட் (1990), ஒடிசி (1996) ஆகியவை பெர்னார்டு நாக்ஸின் விரிவான முன்னுரைகளுடன் வந்து பள்ளிகளில் பரவின. ஸ்டான்லி லம்பார்டோவின் நடை (1997, 2000) பேச்சுமொழியை ஒட்டியது. ஒடிசியை முழுமையாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்ட முதற்பெண் எமிலி வில்சன் (2017) ஆவார். மூலத்தில் உள்ள அதே எண்ணிக்கையிலான அடிகளுக்குள், சீரான ஆங்கில யாப்பில், எளிய சொற்களால் அவர் அதனைச் செய்தார். அவரது இலியட் 2023இல் வெளியானது.

இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை காப்புரிமை முடிந்த பழைய நூல்களே. அவற்றுள் சாமுவேல் பட்லரின் உரைநடை (இலியட் 1898, ஒடிசி 1900) மிகவும் வழங்குவது. அதில் கிரேக்கப் பெயர்களுக்கு மாற்றாக உரோமப் பெயர்கள் உள்ளன. ஒடிசியஸ் அங்கே யுலிசஸ், ஏதெனா மினர்வா, பொசைடன் நெப்டியூன், சியூஸ் ஜோவ். பள்ளியின் வினாத்தாளில் ஏதெனாவைப் பார்க்கும் மாணவர், தாம் படித்த நூலில் அப்படியொரு பெயரே இல்லையே எனத் திகைப்பதற்கு இதுவே காரணம். (ஒடிசியை இயற்றியவர் ஒரு பெண் என்று 1897இல் தனிநூலே எழுதியவர் பட்லர்.) அடியெண்களும் இவ்வாறே குழப்பம் தரும். லாட்டிமோர், வில்சன் ஆகியோரின் அடியெண்கள் மூலத்தோடு ஒத்துச் செல்லும். ஃபேகிள்சின் அடிகள் மூலத்தைவிட எண்ணிக்கையில் மிகுதி. ரியூவிலும் பட்லரிலும் அடிகளே இல்லை. நூல் வாங்க இயலாத மாணவர் இலவசப் பதிப்பையே நாடுவதால், எந்த மொழிபெயர்ப்பு என்பதைக் குறிப்பிடாமல் ஒடிசி படித்து வருக என்று மட்டும் அறிவிப்பது வசதி குறைந்தோரையே முதலில் பாதிக்கிறது.

ஒடிசியசுக்கு முதல் அடியிலேயே வழங்கப்படும் பொலித்ரோபொஸ் என்னும் அடைமொழி மொழிபெயர்ப்பாளர்களின் வேறுபாட்டை அறிய ஏற்றது. பல திருப்பங்களை உடையவன் என்பது அதன் நேர்ப்பொருள். பல இடங்களில் அலைந்தவன் என்றும், பல வழிகள் அறிந்த சூழ்ச்சிக்காரன் என்றும் அதனைக் கொள்ளலாம். சிலர் அறிவாற்றலையும் சிலர் அலைச்சலையும் முன்னிறுத்தினர். வில்சன் சிக்கலான மனிதன் என்ற பொருள்படும் சொல்லை இட்டது வெளியான நாள்முதல் விவாதிக்கப்பட்டது.

பணிப்பெண்களின் கொலை

மொழிபெயர்ப்பின் விளைவு மிகக் கூர்மையாகத் தெரியும் இடம் 22ஆம் படலத்தில் உள்ளது. பெனலோப்பியை மணக்க விரும்பி வீட்டை ஆக்கிரமித்திருந்தவர்கள் 108 பேர் என்பது 16ஆம் படலத்தில் டெலிமாக்கஸ் தரும் கணக்கு. அவர்கள் கொல்லப்பட்ட பின், வீட்டிலுள்ள ஐம்பது பணிப்பெண்களில் பன்னிருவர் அவர்களோடு உறவு கொண்டவர்கள் என யூரிக்கிளியா கூறுகிறாள். அப்பன்னிருவரும் முதலில் பிணங்களை வெளியே சுமந்து சென்று, குருதி படிந்த கூடத்தைக் கழுவுமாறு ஏவப்படுகின்றனர். அவர்களை வாளால் கொல்லும்படி ஒடிசியஸ் கூறியிருக்க, டெலிமாக்கஸ் கப்பற் கயிற்றில் தூக்கிலிடுகிறான். வலையில் சிக்கிய பறவைகளுக்கு அவர்களை ஒப்பிடும் புலவர், அவர்களின் கால்கள் சிறிதுநேரம் துடித்து அடங்கியதையும் சொல்லாமல் விடவில்லை.

மூலத்தில் இப்பெண்களைக் குறிக்கும் சொல் அடிமைப் பெண்கள் எனப் பொருள்படுவது. பழைய மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் பணிப்பெண், வேலைக்காரி என்ற சொற்களை இட்டன. அவ்வாறு படிப்பவர்க்கு இவர்கள் கூலிக்கு வேலை செய்து எசமானருக்குத் துரோகம் இழைத்தவர்களாகத் தோன்றுவர். அடிமை என்று படிப்பவர்க்கு, வீட்டை ஆக்கிரமித்த ஆண்களை மறுக்கும் உரிமை இவர்களுக்கு இருந்ததா என்ற ஐயம் எழும். மேலும், தண்டனை கூறும் டெலிமாக்கசின் பேச்சில் மூலம் இவர்களை வெறும் பெண்பாற் சுட்டாலேயே குறிக்கிறது. 20ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பாளர்களுள் ஃபிட்ஸ்ஜெரால்டு, ஃபேகிள்ஸ் போன்றோர் அவ்விடத்தில் ஒழுக்கத்தைப் பழிக்கும் வசைச்சொல்லை இட்டனர். அவ்வசை ஹோமரிடம் இல்லை என்பதை வில்சன் எடுத்துக்காட்டினார். பள்ளிச் சுருக்கங்கள் சிலவற்றில் இக்காட்சி முழுவதும் விடப்படுகிறது. அவற்றைப் படிப்போர்க்கு ஒடிசி வில்போட்டியும் இல்லற இணைவுமாக மகிழ்ச்சியுடன் முடியும் கதையாகிவிடுகிறது. கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 2005இல் வெளியிட்ட பெனலோப்பியாட் என்னும் புதினம் இப்பன்னிருவருக்கும் குரல் தந்தது. சில பள்ளிகளில் அது காப்பியத்தோடு இணைத்துப் படிக்கப்படுகிறது.

தழுவல்கள்

இளையோருக்கான உரைநடைச் சுருக்கங்களில் சார்லஸ் லாம்பின் நூலும் (1808) பத்ரேக் காலமின் நூலும் (1918) பழமையானவை. கரேத் ஹைண்ட்சின் படக்கதை வடிவிலான ஒடிசி 2010இல் வந்தது. மேடலின் மில்லரின் புதினங்கள் (2011, 2018) மாணவரிடையே பெரும் வரவேற்பைப் பெற்றன.

திரைப்படத்தைப் பார்த்துவிட்டுக் கட்டுரை எழுதுவோர் அகப்பட்டுக்கொள்ளும் இடங்கள் பல உண்டு. 2004இல் வெளிவந்த ட்ராய் திரைப்படத்தில் மெனலாஸ் ஹெக்டரால் கொல்லப்படுகிறான். ஹோமரிடமோ அவன் போருக்குப் பின் மனைவி ஹெலனுடன் ஸ்பார்ட்டாவில் வாழ்ந்து, ஒடிசியின் நான்காம் படலத்தில் டெலிமாக்கசுக்கு விருந்தளிக்கிறான். மரக்குதிரைக் கதையும் ஒடிசியின் 4, 8, 11ஆம் படலங்களில் நினைவுகூரப்படுவதே அன்றி இலியட்டில் இல்லை. இலியட் பற்றிய கட்டுரையில் குதிரை வந்துவிட்டால் ஆசிரியருக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

விவாதங்கள்

பண்டைய நூல்கள் பாடத்திட்டத்தில் இருக்க வேண்டுமா என்ற விவாதம் 2020ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்க நாளேடுகளில் ஒடிசியை முன்வைத்து எழுந்தது. அடிமை முறையையும் பெண்கள்மீதான வன்முறையையும் இயல்பானவையாகக் காட்டும் நூலுக்கு ஏன் இவ்வளவு இடம் என்பது ஒரு சாரார் வினா. அக்கொடுமைகளை மறைக்காமல் காட்டுவதால்தான் படிக்க வேண்டும் என்பது மறுசாரார் விடை. இவ்விவாதத்தில் குறைவாகவே பேசப்பட்டது கோடை வாசிப்பின் தனிச்சிக்கல் ஆகும். 22ஆம் படலத்தை வகுப்பில் படிக்கும் மாணவர் உடனே கையுயர்த்திக் கேட்கலாம். சூலை மாதத்தில் தனியே படிப்பவர் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். இதனால் சில பள்ளிகள் முதல் பன்னிரண்டு படலங்களை மட்டும் கோடைக்கு விட்டு, இதாகாவில் நிகழும் பிற்பாதியை இலையுதிர் காலத்தில் வகுப்பிலேயே படிக்கின்றன.